அண்ணன் வெள்ளை, தம்பி கறுப்பு

விண்ணப்பம் மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது. முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இருவரும் சகோதரர்களா? நிரூபிக்கவும்." அதற்குக் கீழே இரண்டு கோடுகள். ஒரு கோடு போதாதென்று எங்கள் கேப்டனுக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த விண்ணப்பத்தை டைப் அடித்தவள் நான். என் மேசைக்கு எதிரே நின்றவன் இருபது வயதுச் சிப்பாய். ஐந்து வாரத்தில் அவனை வியட்நாமுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அவனுடைய அண்ணன் ஏற்கெனவே அங்கேதான் இருந்தான். ஒரு மகன் போர்முனையில் இருக்கும்போது இன்னொரு மகனையும் அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள அமெரிக்க ராணுவத்தில் ஒரு வழி இருந்தது. வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் இல்லை. நாங்கள் கேட்டுவிட்டோம். அவர்களோ அண்ணன் தம்பிதானா என்று திருப்பிக் கேட்டார்கள்.

அது எழுபதுகளின் தொடக்கம். என் கணவர் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எனக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வராது. திருநெல்வேலியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் இங்கிலீஷ் ஹையர் பாஸ் பண்ணியவள். நகரத்துக்கு வடக்கே ஓர் அமெரிக்க முகாமில் இங்கிலீஷ் டைப் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, ரயிலேறிப் போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள். சிப்பாய்களின் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் எனக்கு ஒரு மேசை. ஒவ்வொருவனுக்கும் ஒரு கோப்பு; பிறந்த ஊர், ரத்தப் பிரிவு, எத்தனை பல் இருக்கிறது என்பதுவரை அதில் இருக்கும். நடுவில் ஒரு கட்டம், இனம்.

பேச்செல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது. ஆனால் இத்தனை வருஷம் கழித்து நினைக்கும்போது, அந்த முகாமில் எல்லோரும் என் காதில் தமிழிலேயே பேசுகிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

பையன் புவேர்ட்டோ ரிக்கோக்காரன். கரீபியன் கடலில் ஒரு தீவு அது. வீட்டில் பேசுவது ஸ்பானிஷ், குடியுரிமை அமெரிக்கா, ராணுவம் கூப்பிட்டால் போய்த்தான் ஆகவேண்டும். "அண்ணன் எங்க ஊர்லயே சேர்ந்தான் மேடம். நான் நியூயார்க்ல மாமா வீட்டுல இருந்தப்போ சேர்ந்தேன். எங்களுக்குள்ள வித்தியாசம் அவ்வளவுதான்" என்றான்.

காகிதத்தில் அவ்வளவுதான் இல்லை. அண்ணனுடைய கோப்பின் நகலை வரவழைத்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு வேறொன்று. அண்ணனின் இனக் கட்டத்தில் காகேசியன், அதாவது வெள்ளை. தம்பியின் கட்டத்தில் நீக்ரோ. கேப்டனைக் குற்றம் சொல்ல முடியாது என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது.

அவன் பர்சிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தான். தகரக் கூரை போட்ட வீட்டு வாசலில் இரண்டு பேர் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். அண்ணன் நல்ல சிவப்பு, தம்பி கறுப்பு, இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே தூக்கிய புருவம். எங்கள் ஊரில் இப்படி நாலு வீட்டுக்கு ஒரு வீடு இருக்கும். என் வீடே அப்படித்தான். நான் அட்டக் கறுப்பு, என் தங்கை சிவப்பு. அம்மா வயிற்றைப் பற்றி யாரும் சந்தேகப்பட்டதில்லை, என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

குடும்பப் பெயர் விஷயம் எனக்கு உடனே பிடிபட்டது. அவர்கள் வழக்கப்படி பெயருக்குப் பின்னால் முதலில் அப்பா வீட்டுப் பெயர், கடைசியில் அம்மா வீட்டுப் பெயர். தீவில் இருந்த எழுத்தருக்கு அது தெரியும், அதனால் அண்ணனுக்கு அப்பா பெயரை எடுத்துக்கொண்டார். நியூயார்க் எழுத்தர் கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று தம்பிக்கு அம்மா பெயரைப் போட்டுவிட்டார். இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. பல்கலைக்கழகத்தில் என் கணவரின் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டதால், பாளையங்கோட்டையைத் தாண்டாத என் மாமனார் பெயருக்கு ஜெர்மன் நூலகத்திலிருந்து புத்தகம் திருப்பச் சொல்லி நோட்டீஸ் வந்துகொண்டிருந்தது.

"உங்க அம்மாவுக்கு லெட்டர் போடு. ரெண்டு பேரோட பிறப்புச் சான்றிதழும் ஏர் மெயில்ல வரணும்" என்றேன்.

பன்னிரண்டு நாளில் வந்தது. இரண்டு சான்றிதழிலும் ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே தெரு. அங்கேயும் நிறத்துக்கு ஓர் இடம் இருந்தது. தம்பியுடையதில் எழுதியிருந்ததை அவன் படித்து, "இதுக்கு அர்த்தம் கோதுமை நிறம்" என்றான். நான் சிரித்துவிட்டேன். எங்கள் பத்திரிகைகளில் மணமகள் தேவை விளம்பரத்தில் தேடுகிற நிறத்தை ஒரு கரீபியன் தீவின் சான்றிதழில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அவன் ஊரில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் உண்டாம். கோதுமை, லவங்கப்பட்டை, காப்பி என்று போகுமாம். ஒரே ஆளை வெயிற்காலத்தில் ஒன்று சொல்வார்கள், நல்ல சட்டை போட்டால் இன்னொன்று சொல்வார்கள். அவனை அவன் அம்மா கூப்பிடுவதே "கறுப்பா" என்றுதான். கொஞ்சிக் கூப்பிடுவது.

சான்றிதழ்களோடு கேப்டனிடம் போனேன். அமெரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை, ஆனால் விதிப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிற ரகம். பெயர்க் குழப்பத்தை ஒப்புக்கொண்டார். பிறகு இனக் கட்டங்கள் இரண்டையும் விரலால் தட்டினார்.

"ஒரு வீட்டுல ஒருத்தன் வெள்ளை, ஒருத்தன் நீக்ரோ. மேலிடத்துல இதைப் பார்த்து என்ன நினைப்பாங்க? அந்த அம்மாவைப் பத்தித்தான் ஏதாவது நினைப்பாங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த அம்மாளை நான் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனாலும் என் அம்மாவைச் சொன்னதுபோல இருந்தது. "ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தர்தான்னு சர்டிபிகேட்ல இருக்கு சார்" என்றேன்.

"இருக்கட்டும். ரெண்டு கோப்பும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியாது. ஒண்ணைத் திருத்துங்க."

திருத்துவது என் வேலை. நேராகப் போய் உட்கார்ந்து, திருத்தக் கோரும் படிவத்தை மிஷினில் செருகி, தம்பியின் இனக் கட்டத்தில் காகேசியன் என்று அடித்தேன். ஒரு பிழை கிடையாது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வேறு வைத்தேன். மனசுக்குள் ஒரே சந்தோஷம். பையன் பிழைத்தான், கூடவே ஒரு படி ஏறியும் விட்டான். இதை ஒளிக்காமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். கறுப்பை எடுத்துவிட்டுச் சிவப்பைக் கொடுத்தால் எங்கள் ஊரில் யாராவது வேண்டாமென்று சொல்வார்களா?

அவன் படித்தான். மறுபடியும் படித்தான். பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"இது யாரு மேடம்?"

"நீதான்."

"நான் இல்ல."

"ஒரு வார்த்தைதானேப்பா. அண்ணனோடது மாதிரி ஆயிடும், கேப்டன் கையெழுத்துப் போட்டுடுவார்."

"தினம் என்கூட சாப்பிடுற பசங்க கறுப்பு பசங்க. நான் வெள்ளைன்னு கையெழுத்துப் போட்டுட்டு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது? எங்க அம்மா கூப்பிடுற பேரையும் மாத்திடுவீங்களா?"

"சரி, அப்போ உங்க அண்ணனோடதை மாத்தக் கேட்போம்."

"அவன் அங்க சண்டையில இருக்கான். நடுவுல போய் நீ வெள்ளை இல்ல, நீ சொன்னது பொய்னு அவனுக்குக் கடுதாசி வரணுமா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்கு உயிர் முக்கியமா, கட்டம் முக்கியமா?" என்று கத்தியேவிட்டேன். பக்கத்து மேசைகளில் டைப் சத்தம் நின்றது.

"ரெண்டும் வேணும் மேடம்" என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். படிவம் மேசைமேல் கிடந்தது. பதினெட்டு நாள் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாதத்தை வடிக்கும்போதே கணவரிடம் புலம்பினேன். நன்றி கெட்டவன், திமிர் பிடித்தவன், அதிகப்பிரசங்கி என்று எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினார். பிறகு நிதானமாக, "உன்னைப் பொண்ணு பார்க்க வந்துட்டு உன் தங்கச்சியைக் கேட்டாங்களே, அன்னிக்கு யாராவது உனக்கு நல்லதுன்னு நெனச்சு, உன் ஜாதகத்துல சிவப்புன்னு எழுதிக் கொடுத்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?" என்றார்.

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்குத் தெரியல. ஜஸ்ட் கேட்டேன்."

பெண் பார்க்க வந்த அந்த நாள் சாப்பிடும்போது முழுக்க எனக்குள் ஓடியது. வந்தவர்கள் போன பிறகு அத்தை ஒருத்தி என் கையில் பயத்தமாவு டப்பாவைக் கொடுத்தாள், தினமும் தேய்த்துக் குளி என்று. நான் அந்த டப்பாவைக் கிணற்றில் போட்டேன். அன்றைக்கு என்னிடம் இருந்த ரோஷம் இந்தப் பையனிடம் இருந்தபோது எனக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் கொஞ்ச நேரத்தில் பிடிவாதமாக மாறியது. எதையும் திருத்தாமல் அவனை இங்கேயே நிறுத்திக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டு அனுப்பினேன். நேற்று அடித்த படிவத்தை அவன் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். "உட்காரு. நீ சொல்லு, நான் அடிக்கிறேன். உன் வாக்குமூலம்" என்றேன்.

அவன் சொன்னதில் பாதியை அடிக்க முடியவில்லை, கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். தீவில் இருந்தவரை தான் எந்த இனம் என்று அவன் யோசித்ததே இல்லையாம். அண்ணன் கொஞ்ச நாள் நியூயார்க் வந்து தங்கிய சமயம், தனி வீடு வாடகைக்குக் கேட்டு அண்ணன் போனால் சாவி கொடுத்தார்கள், இவன் போனால் வீடு போய்விட்டது என்றார்கள். ராணுவத்தில் சேர்ந்த அன்று எழுத்தர் இவனிடம் ஒன்றும் கேட்கவில்லை, தலையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துவிட்டு அடித்தார். "இங்க ஜெர்மனியிலயும் இந்த ஊர்ல ரெண்டு வகை பார் இருக்கு மேடம். வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஒண்ணு, கறுப்புச் சிப்பாய்களுக்கு ஒண்ணு. வெள்ளை பாருக்குப் போனா நீ யாருன்னு பாக்கறாங்க. கறுப்பு பாருக்குப் போனா உள்ள வாடான்றாங்க, ஆனா நான் வாயைத் திறந்து ஸ்பானிஷ்ல பாடினா அவங்களும் நீ யாருன்னு பாக்கறாங்க."

அவன் படுக்கைக்குப் பக்கத்துப் படுக்கையில் டெக்சாஸ் பையன் ஒருவன் இருந்தான், மெக்சிகோ வம்சம். அவன் கோப்பில் காகேசியன். ஆனால் அவன் படித்தது மெக்சிகோப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளிக்கூடம். ஊரில் வெள்ளைக்காரர் முடிவெட்டும் கடைக்குள் அவன் அப்பா கால் வைத்ததில்லை. "காகிதத்துல அவன் வெள்ளை, முடிவெட்டுற நாற்காலியில உட்கார்ந்தா இல்ல" என்றான் இவன். இப்போது அண்ணன், தம்பி, டெக்சாஸ் பையன் மூன்று பேருக்கும் பொதுவாக ஸ்பானிஷ் பேசுகிறவர் என்று ஒரு புதுப் பெயரை அதிகாரிகள் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்களாம். அந்த டெக்சாஸ் பையனுக்கு ஸ்பானிஷ் சுமாராகத்தான் வரும்.

வாக்குமூலம் கடைசியில் நாலு வரியானது. "என் அண்ணனும் நானும் ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்தவர்கள். நாங்கள் புவேர்ட்டோ ரிக்கர்கள். இந்தக் கட்டங்களில் இருப்பதை நாங்கள் எழுதவில்லை. எழுதியவர்களைக் கேளுங்கள்." கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று நான் கெஞ்சினேன். முடியாது என்றான். அடித்தேன்.

கேப்டன் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது விளக்கம் இல்லை, சண்டை. கட்டத்துல இருக்கிறதுக்கு ஒரு அடிப்படை இருக்கும். யாரோ பார்த்துத்தானே எழுதியிருக்காங்க?"

நான் அவ்வளவு நேரமும் கையில் இறுக்கிப் பிடித்திருந்த என் கேட் பாஸை அவர் முன்னால் வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று முகாமிலேயே கொடுத்தது. ஜெர்மனியில் குடியேறியபோது பதிவு அலுவலகத்தில் என் நிறத்தைக் கேட்கவில்லை, சர்ச் வரிக்காக மதத்தைத்தான் கேட்டார்கள். அமெரிக்கர்கள் உயரம், எடை, கண், முடி, இனம் எல்லாம் கேட்டார்கள். இந்தியா என்றதும் பாஸ் கொடுக்கிற சார்ஜென்ட் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். அமெரிக்காவிலிருக்கும் செவ்விந்தியரா என்று கேட்டார், இல்லை என்றேன். பட்டியலை இன்னொரு தரம் பார்த்துவிட்டு ஒன்றை அடித்துக் கொடுத்தார். அன்று வீட்டில் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் கணவர் வயிறு வலிக்கச் சிரித்தார்.

"படிங்க சார்" என்றேன்.

கேப்டன் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பாஸைப் பார்த்தார். அதில் நான் காகேசியன். அந்த அறையில் என்னைவிடக் கறுப்பாக இருந்தது டெலிபோன் ஒன்றுதான்.

"உங்க ஆபீஸ்தான் எழுதிச்சு. பார்த்துத்தான் எழுதினாங்க. நான் வெள்ளைன்னா அந்தப் பையன் என்ன? என் தங்கச்சி வந்து நின்னா அவளுக்கு என்ன போடுவீங்க? ரெண்டு எழுத்தர் ரெண்டு விதமாப் பார்த்ததுக்கு அவன் போய்ச் சாகணுமா?"

வேலை போய்விடும் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். கேப்டன் பாஸை என் பக்கம் தள்ளினார். "கட்டத்தை என்னால மாத்த முடியாது. பட்டியல்ல இல்லாத வார்த்தையைப் போடவும் முடியாது. அவன் எழுதினதை அப்படியே சேர்த்து, பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடைஞ்சேன்னு நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். கடைசி வரியை எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

மேலிடத்திலிருந்து பதில் வர ஒன்பது நாளானது. அந்த ஒன்பது நாளும் அவன் தினம் மத்தியானம் வந்து என் மேசையைப் பார்ப்பான், நான் இல்லை என்று தலையாட்டுவேன், போய்விடுவான். பத்தாம் நாள் நானே ஓடினேன். அவன் லாரி கழுவிக்கொண்டிருந்தான். அண்ணன் திரும்பும்வரை தம்பி ஜெர்மனியிலேயே இருக்கலாம் என்று உத்தரவு. இரண்டு கோப்பிலும் கட்டங்கள் அப்படியேதான் இருந்தன; அண்ணன் வெள்ளை, தம்பி நீக்ரோ, உறவு சகோதரர்கள். அவன் ஈரக்கையோடு காகிதத்தை வாங்கி, தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன்.

அடுத்த கோடையில் அண்ணன் வியட்நாமிலிருந்து உயிரோடு திரும்பினான். ஊருக்குப் போகும் முன் தம்பியைப் பார்க்க பிராங்பேர்ட்டுக்கு வந்தான். லேசாகக் காலைச் சாய்த்து நடந்தான். சிவிலியன் சட்டையில் இருந்ததால் முகாம் வாயிலில் அவனைப் பார்வையாளர் பதிவேட்டில் எழுதவேண்டியிருந்தது. மூன்று பேரும் போய் நின்றோம்.

காவலுக்கு இருந்தவன் புதிது. அண்ணனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். தம்பியிடம் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "இவர் உனக்கு யாரு, நண்பரா?" என்றான்.

"அண்ணன்" என்றான் தம்பி.

காவலன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். வேடிக்கை சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு உறவு என்ற இடத்தில் சகோதரர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

தம்பி அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தான், பழகிப்போனவன். அண்ணனின் முகம்தான் மாறியது. தன் தம்பியைத் தினமும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்பதை அவன் அப்போதுதான் கிட்டத்தில் நின்று பார்க்கிறான்.

நான் பதிவேட்டை என் பக்கம் திருப்பி, கேள்விக்குறிக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். "இதைக் கோடு போட்டு அடி" என்றேன்.

"சும்மா ஒரு குறிப்புக்குத்தான் மேடம்..."

"அடி."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் அடித்தான். அதுவரை நான் விரலை எடுக்கவில்லை.